சங்கையாவோடு படித்த நிர்வாகம்

17 ஜனவரி 1994, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து மில்லுக்குப் போனால் என் அறை வாசலில் புதுப் பலகை. 'பர்சனல் டிபார்ட்மெண்ட்' போய் 'மனித வள மேம்பாட்டுத் துறை' வந்திருக்கிறது. அறை அதேதான். மின்விசிறியும் அதே சத்தம்தான் போடுகிறது. ஜன்னல் கொக்கி உடைந்து, கதவு இன்னும் சணல் கயிற்றில்தான் நிற்கிறது. ஆனால் இத்தனை வருஷமாக ஆள் வருகையும் லீவும் பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஜெய்னுலாப்தீன் ஒரே பொங்கலில் மனித வளத்தை மேம்படுத்துகிறவனாகிவிட்டேன். என்னை யாரும் மேம்படுத்தவில்லை. அது அடுத்த பொங்கலுக்கு இருக்கும்.

மேனேஜர் உப்பிலி என்னை 'மிஸ்டர் ஜெய்னுலாப்தீன்' என்று கூப்பிட்டார். நேற்று வரைக்கும் 'பாய்'தான். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

25 ஜனவரி, செவ்வாய்

பலகையோடு விடுவார்கள் என்று நினைத்தது தப்பு. உப்பிலி சார் கோயம்புத்தூரில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாக ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியிருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு, ஆறு மாதம். 'மனித வளமும் பணியிட நிர்வாகமும்.' முடித்தால் சான்றிதழ். மில்லில் இருந்து இரண்டு பேர் போக வேண்டும். நிர்வாகத் தரப்புக்கு நான். நாற்காலி உள்ளவனெல்லாம் நிர்வாகம் போல.

தொழிலாளர் தரப்புக்குச் சங்கையா.

சங்கையா நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர், தொழிற்சங்கச் செயலாளர். எண்பத்தெட்டில் மில்லைப் பூட்டியபோது கேட்டுக்கு வெளியே என் உருவபொம்மையைக் கொளுத்தியவர். பூட்டியது முதலாளி, பூட்டச் சொன்னது மேனேஜர், நோட்டீஸ் ஒட்டப் பசைச் சட்டியோடு போனது நான். அதனால் அந்த மரியாதை எனக்குக் கிடைத்தது. பொம்மைக்குப் போட்டிருந்த சட்டை என் சட்டையைவிட நன்றாக இருந்ததை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் தாளில்தான். நான் மெமோ கொடுப்பேன், அவர் பதில் கொடுப்பார்.

இந்த இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டால் தொழில் அமைதி வந்துவிடும் என்பது உப்பிலி சாரின் நம்பிக்கை. அல்லது ஒருத்தனாவது திரும்பி வரமாட்டான் என்ற நம்பிக்கை.

நூர்னிசாவிடம் சொன்னேன். என் வீட்டுக்காரிக்கு ஒரே ஒரு கவலை, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவருவது யார் என்று.

6 பிப்ரவரி, ஞாயிறு

முதல் வகுப்பு. கல்யாண மண்டபத்து மாடி. கீழே முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கிய நேரத்தில் மேலே 'நோக்கம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார் ஆசிரியர்.

அவர் பெயர் பொன்னுராஜ். மதுரையிலிருந்து வருகிறார். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. எந்த ஆலையிலாவது வேலை பார்த்திருக்கிறீர்களா என்று சங்கையா கேட்டார். ஆலைகளை வெளியிலிருந்து பார்ப்பதுதான் தன் பலம் என்றார். நானும் சங்கையாவும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

முதல் பாடம் பந்து எறிதல். நாற்பது வயசு ஆட்கள், சிமெண்ட் ஆலையில் இருந்து வந்த ஒரு சூப்பர்வைசருக்கு அம்பத்தஞ்சே இருக்கும், வட்டமாக நின்று பிளாஸ்டிக் பந்தை எறிந்து பிடித்தோம். பிடித்தவர் எறிந்தவரின் நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கையா எனக்கு எறிந்தார். எறிந்தார் என்றா சொல்வது, அடித்தார். யோசித்து, "நல்ல குரல் வளம்" என்றேன். பந்து சுற்றிவந்து நான் அவருக்கு எறிய வேண்டியதாயிற்று. அவர் யோசிக்கவே இல்லை. "பாய்க்குக் கையெழுத்து நல்லாருக்கும். எனக்கு வந்த மெமோ அம்புட்டையும் படிச்சிருக்கேன்" என்றார்.

பொன்னுராஜ் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

20 பிப்ரவரி, ஞாயிறு

நோன்பு. இன்றைக்கென்று பார்த்து பொன்னுராஜ் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். யாரோ ஒரு அமெரிக்கர் கண்டுபிடித்ததாம். அடித்தட்டில் பசி. வயிறு நிறையாதவனுக்கு மேல்தட்டுச் சிந்தனை எதுவும் வராது, ஆகவே தொழிலாளியை முதலில் அடித்தட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார். விடிவதற்கு முன் சஹருக்குச் சாப்பிட்டது, எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்து அவருடைய மேல்தட்டுச் சிந்தனைகளை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் முக்கோணத்தை இடிப்பானேன் என்று வாயைத் திறக்கவில்லை.

இடைவேளையில் எல்லாருக்கும் வடை, டீ. சங்கையா வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையாம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் டீக்கடையில் நின்று அவசர அவசரமாக இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நானும் பார்க்கவில்லை.

27 மார்ச், ஞாயிறு

இன்று நாடகம். ரோல் பிளே என்கிறார் பொன்னுராஜ். அடுத்தவன் செருப்பில் கால் வைத்துப் பார்ப்பதாம். சங்கையா மேனேஜர். நான் தொழிலாளி. மூன்று நாள் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

சங்கையா மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கூச்சல் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. ஏதோ தாளைப் புரட்டினார். நான் நின்றேன். இன்னொரு தாளைப் புரட்டினார். சபையில் சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார், "வீட்டுல எத்தன பேரு?" ஐந்து என்றேன். "அஞ்சு பேருக்கும் சேத்து யோசிச்சுப் பேசு" என்றார். அவ்வளவுதான்.

பதில் சொல்ல வேண்டியது என் பங்கு. வரவில்லை. நாடகம் என்று தெரியும், எதிரில் இருப்பது ரிங் பிரேம் பிட்டர் என்றும் தெரியும். உள்ளங்கை வேர்த்துவிட்டது. பதினாறு வருஷமாக ஆட்கள் என் மேசைக்கு எதிரே நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படித்தான் வேர்த்ததா? நான் தாளைப் புரட்டுவேனா?

பொன்னுராஜுக்கு ஒரே சந்தோஷம். சங்கையாவுக்குப் பிறவியிலேயே தலைமைப் பண்பு என்றார். எனக்கு இன்னும் பயிற்சி தேவையாம்.

பஸ்ஸில் கேட்டேன், எங்கே படித்தீர்கள் அண்ணாச்சி என்று. "எத்தன மேனேஜர் முன்னால நின்னுருக்கேன்" என்றார்.

5 ஏப்ரல், செவ்வாய்

வகுப்பில் சங்கையா எப்படி என்று உப்பிலி சார் விசாரித்தார். நாடகக் கதையை நடித்தே காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார். என்னைப் பற்றிச் சங்கையாவிடம் கேட்டிருப்பாரோ?

1 மே, ஞாயிறு

மே தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. சங்கையா காலையில் கேட்டில் கொடியேற்றி, 'உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, சட்டையில் குத்திய சிவப்பு ரிப்பனோடு பஸ் ஏறினார். இன்றைய பாடம், 'வேலைநிறுத்தத்தைத் தவிர்க்கப் பத்து வழிகள்.' தொண்டை கட்டிப்போனதால் அவரால் சந்தேகம் எதுவும் கேட்க முடியவில்லை. ரிப்பனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பத்து வழிகளையும் எழுதிக்கொண்டார்.

26 ஜூன், ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் சங்கையா வழக்கம் போல பஸ்ஸுக்கு ஓடவில்லை. செத்த நேரம் உட்காருவோம் பாய் என்று ஸ்டாண்டுக்குள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன். உப்பிலி கூப்பிட்டாரு. மனித வள ஆபீசர் வேல தாரேன்னு சொல்லுதாவ."

அந்த வேலைக்கு ஒருத்தன் பதினாறு வருஷமாகப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சங்கம் என்னாகும் என்று மட்டும் கேட்டேன்.

அவர் பஸ்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். மில் பூட்டிக் கிடந்த காலத்தில் வீடு வீடாகப் போய் ஆட்களுக்குத் தைரியம் சொன்னாராம். அவர் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லையாம். அப்போதுதான் அவர் சம்சாரம் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனது. எனக்கு அது தெரியும். அன்றைக்கு மயானத்துக்குப் போகலாமா கூடாதா என்று யோசித்து, நிர்வாகத் தரப்பு என்று போகாமல் இருந்தேன்.

"அம்பத்திரண்டு முடிஞ்சிருச்சு பாய். கேட்டுக்கு வெளிய நின்னு நின்னு முட்டி தேஞ்சுபோச்சு. கொஞ்ச நாளு உக்காந்து பாக்கேனே."

ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். வாழ்த்துச் சொன்னேன். வேறு என்ன சொல்வது? சிரித்தபடி துரோகம் செய்கிறவனைத் திட்டலாம். இவர் முட்டியைத் தடவிக்கொண்டல்லவா செய்கிறார்.

4 ஜூலை, திங்கள்

என் புது மேலதிகாரி பேண்ட் போட்டு வந்தார். பழக்கமில்லாததால் நடை ஒரு மாதிரி இருந்தது. அண்ணாச்சி என்பதா, சார் என்பதா? காலை முழுக்க இரண்டும் சொல்லாமல் சமாளித்தேன். மத்தியானம் வாய் தவறி 'சார்' வந்துவிட்டது. அவர் திரும்பிப் பின்னால் யார் என்று பார்த்தார்.

சங்கத்தில் பாதிப் பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள். மிச்சப் பேர் அடுத்த செயலாளர் யாரென்று அடித்துக்கொள்கிறார்கள். உப்பிலி சார் பல வருஷமாகச் செய்ய முடியாததை ஒரே நாற்காலியில் சாதித்துவிட்டார். மாநாட்டுக்குப் போனவர்கள் சும்மா வருவதில்லை.

சாயங்காலம் சங்கையா வீட்டிலிருந்து கொண்டுவந்த திருப்புளியால் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தார். மனித வளத் துறையின் முதல் மேம்பாடு.

19 ஜூலை, செவ்வாய்

எழுத வரவில்லை. ரீலிங்கில் இருளம்மாளுக்குக் கை மாட்டிவிட்டது. பல்சக்கரத்தில். வலது கை. நான் ஓடுனப்ப நூலெல்லாம் செவப்பு — என்னத்த எழுத.

20 ஜூலை, புதன்

இரண்டு விரல் போய்விட்டது. இருளம்மாள் சேத்தூரில் இருந்து வருகிற பிள்ளை. வயசு இருபத்தாறோ இருபத்தேழோ. புருஷன் திருப்பூர் பக்கம் போனவன், போனவன்தான். வயசான தாயும் இவளும். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் வேகமாக நூல் கட்டுகிறவள் என்று பெயர்.

நடந்தது இதுதான். மிஷின் ஓடும்போது பல்சக்கரத்துப் பக்கம் சேருகிற பஞ்சைத் துடைக்கக் கூடாது. அது சட்டம். ஓட்டத்தை நிறுத்தினால் உற்பத்தி குறையும், மேஸ்திரி கத்துவார். இது மில். பல்சக்கரத்தின் மேல் இரும்பு மூடி இருந்திருந்தால் துடைத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மூடியை எண்ணெய் விடுவதற்கு என்று எப்போதோ கழற்றினார்கள். சுவரோரம் சாய்த்துவைத்தார்கள். பொம்பளைகள் அதைப் படுக்கப் போட்டு மேலே தூக்குச்சட்டிகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். ரீலிங்குக்கு ஆள் எண்ணப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். தூக்குச்சட்டி வைக்க நல்ல இடம் என்று ஒருநாள் நானே சிரித்தேன்.

இன்று போய்ப் பார்த்தேன். மூடி மிஷினில் இருக்கிறது. புது போல்ட். தூக்குச்சட்டிகள் தரையில்.

22 ஜூலை, வெள்ளி

ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவதற்குள் தப்பு யார் மேலாவது இருந்தாக வேண்டும். மூடி மேல் போட முடியாது. ஆகவே இருளம்மாள் மேல். சார்ஜ் ஷீட்டைச் சங்கையாதான் எழுதினார். ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை. இத்தனை வருஷம் சார்ஜ் ஷீட்டுகளுக்குப் பதில் எழுதியவர், எந்த ஓட்டை வழியாக ஆள் தப்பும் என்று அவருக்குத் தெரியாதா. எல்லா ஓட்டையையும் அடைத்திருந்தார். எழுதி முடித்துவிட்டு வெளியே போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பசைச் சட்டி காலத்தில் இருந்து இந்த வேலை மட்டும் எனக்கு நிரந்தரம்.

கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். கண் மசமசவென்று இருக்கிறது, நீங்களே படிங்க அண்ணே என்றாள். படித்தேன். கவனக்குறைவாக வேலை பார்த்தது, விதியை மீறியது, அதன் காரணமாக இயந்திரம் நின்று உற்பத்தி இழப்பு ஏற்பட்டது, ஏன் உன்னை வேலைநீக்கம் செய்யக் கூடாது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மிசினு நல்லாருக்காண்ணே?" என்றாள்.

கிண்டலாகக் கேட்டாளா, நெசமாத்தான் கேட்டாளா — முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்திவிட்டேன்.

31 ஜூலை, ஞாயிறு

சான்றிதழ் வழங்கும் விழா. உப்பிலி சார்தான் சிறப்பு விருந்தினர். 'மனிதனே நம் முதல் மூலதனம்' என்று பேசினார். கைதட்டல். எனக்குச் சான்றிதழில் பெயர் 'ஜெயலாப்தீன்' என்று வந்திருக்கிறது. திருத்தி வாங்கவில்லை. படித்தது அந்த ஆளாகவே இருக்கட்டும்.

சங்கையாவுக்குச் சிறந்த மாணவர் கேடயம். வாங்கும்போது சிரிக்கச் சொன்னார் போட்டோ பிடிக்கிறவர். மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது உப்பிலி சாரின் காரில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம். இதுவும் முதல் தடவை. முன் சீட்டில் இருந்தபடியே அவர் சொன்னார். பன்னிரண்டாம் தேதி இருளம்மாள் மேல் என்கொயரி. வெளியூர் வக்கீல் ஒருவர் விசாரணை அதிகாரி. நிர்வாகத் தரப்பில் கேள்வி கேட்பது சங்கையா. சாட்சி நான். தினமும் ரீலிங்குக்குப் போகிறவன் என்பதால் என் வார்த்தைக்கு மதிப்பு உண்டாம். சம்பவத்தன்று காலையில் மூடி மிஷின் மேல் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரே ஒரு வரி.

"ஒரு லைன்தானே மிஸ்டர் ஜெய்னுலாப்தீன். இது முடிஞ்சதும் உங்க கிரேடு விஷயத்த நான் பாத்துக்கறேன்."

சங்கையா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பக்கம் வெறும் பொட்டல்காடு. நான் என் பக்கம் பார்த்தேன். அதுவும் பொட்டல்தான்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

ஆறு மாதத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறேன். கறி எடுத்து வந்தேன். ருசி தெரியவில்லை.

நூர்னிசாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலை போனால் என்ன செய்வது, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், அதையெல்லாம் நானே பேசினேன். அந்தப் பிள்ளை துடைத்ததும் தப்புத்தானே என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

கடைசியில் ஒன்று கேட்டாள். "அந்த மூடிய நீங்க பாத்தீங்களா இல்லியா?"

"சுவத்தோரமா பாத்தேன்."

"பொறவு என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

ஆறு மாத வகுப்பில் முடிவெடுத்தல் என்ற பாடத்துக்கு மட்டும் மூன்று ஞாயிறு எடுத்துக்கொண்டார் பொன்னுராஜ். இவளைக் கூப்பிட்டிருக்கலாம்.

11 ஆகஸ்ட், வியாழன்

பயமாக இருக்கிறது. அதை எழுதிவைத்தால் குறையுமா என்று எழுதிப் பார்க்கிறேன். குறையவில்லை.

12 ஆகஸ்ட், வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

மேனேஜர் அறைக்குப் பக்கத்து அறை. நடுவில் வக்கீல். ஒரு பக்கம் சங்கையா, அவருக்குப் பின்னால் உப்பிலி சார். எதிர்ப் பக்கம் இருளம்மாள் தனியாக. உடன் வேலை பார்க்கிற ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. சங்கம் பழையபடி இருந்தால் சங்கையா வந்து உட்கார்ந்திருப்பார். சங்கையா எதிரே உட்கார்ந்திருக்கிறார். அதனால் அவளுக்குப் பக்கத்தில் வெறும் நாற்காலி.

என்னைக் கூப்பிட்டார்கள். பெயர், வேலை, எத்தனை வருஷம் எல்லாம் ஆயிற்று.

சங்கையா தாளைப் பார்த்தபடி கேட்டார். "சம்பவத்தன்னைக்குக் காலையில ரீலிங்குக்குப் போனீயளா?"

போனேன்.

"பல்சக்கரத்து மூடியப் பாத்தீயளா?"

பார்த்தேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் போதும். 'பார்த்தேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வக்கீல் மீதியை எழுதிக்கொள்வார். என் நாக்கும் சுத்தமாக இருந்திருக்கும், கிரேடும் கிடைத்திருக்கும். பொய் சொன்னதாகவும் ஆகாது. ஒருகணம் அப்படியே முடிந்துவிடாதா என்றுகூட இருந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

உப்பிலி சார் பேனாவை மூடிவிட்டார். சங்கையா தாளைக் கவிழ்த்து வைத்தார். முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எங்க பாத்தீய?"

அந்தக் கேள்வியை நிர்வாகத்து ஆள் யாரும் கேட்கமாட்டான். கேட்டே ஆக வேண்டிய அவசியம் அவருக்கு எள்ளளவும் இல்லை. பிட்டருக்கு மூடி எங்கே கிடந்தது என்று தெரியாதா?

சுவரோரம் என்றேன். அதன் மேல் தூக்குச்சட்டிகள் இருந்தன என்றேன். வாரக்கணக்காக அங்கேதான் கிடந்தது, மறுநாள்தான் மாட்டினார்கள், போல்ட் புதுசு, போய்ப் பாருங்கள் என்றேன். ஒன்று சொன்னால் பத்து வருகிறது. வக்கீல் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார்.

இருளம்மாள் அழுதாளா என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

வெளியே வரும்போது உப்பிலி சார் சங்கையாவைக் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியை ஏன் கேட்டீர் என்று. ஒரே வார்த்தையில் பதில் முடியாத மாதிரிக் கேட்கணும்னு டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தாக சார் என்றார் சங்கையா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். பொன்னுராஜ் இருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பார்.

16 ஆகஸ்ட், செவ்வாய்

கழிவுப் பஞ்சு கோடவுனுக்கு மாற்றம். என் அனுபவத்தைப் பரவலாகப் பயன்படுத்துவதற்காகவாம். மனித வளத்திலிருந்து கழிவுப் பஞ்சுக்கு. இரண்டும் ஒன்றுதான், பஞ்சு தும்மல் போட வைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

23 செப்டம்பர், வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். மில் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். இருளம்மாள் மேல் இருந்த சார்ஜ் ஷீட்டை எடுத்துவிட்டார்கள். மடிப்புப் பிரிவில் வேலை. பழைய வேகம் இல்லை என்று மேஸ்திரி முனகுகிறாராம். இரண்டு விரலைத் திருப்பிக் கொடுத்தால் வேகம் வரும் என்று அவள் சொன்னாளாம். வாயாடி ஆகிக்கொண்டு வருகிறாள்.

சங்கையாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்தால் உப்பிலி சார் முதலாளியிடம் தன் கண்டுபிடிப்பு தப்பென்று ஒத்துக்கொள்ள வேண்டும். கோடவுன் வழியாகப் போகிறபோது சங்கையா நிற்பதில்லை. ஆனால் இந்த வாரம் மேலே இரண்டு எக்ஸாஸ்ட் விசிறி மாட்ட ஆள் வந்தது. தூசி வெளியே போகிறது. யார் சொல்லி வந்தது என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லையாம்.

21 அக்டோபர், வெள்ளி

ரீலிங் பொம்பளைகள் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டு நேரத்தில் கோடவுனுக்கு வந்தார்கள். முன்னால் இருளம்மாள். சங்கத்தைத் திரும்ப நடத்தணும், எழுதப் படிக்கச் சட்டம் தெரிஞ்ச ஆள் நீங்கதான், வாங்க என்றார்கள். என் உருவபொம்மையைக் கொளுத்திய சங்கம் அம்மா அது என்றேன். "அப்ப நாங்க சேரவே இல்லியேண்ணே" என்றாள்.

நான் மில்லில் மெமோ எழுதியே காலம் தள்ளியவன், கோஷம் போடத் தொண்டை கிடையாது என்றேன். தொண்டை எங்ககிட்ட இருக்கு என்றார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். நூர்னிசாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

22 அக்டோபர், சனி

சொன்னேன். ஒப்புக்கொண்டாயிற்று.

10 மார்ச் 1995, வெள்ளி

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நாலு உட்காரலில் முடிந்தது. எல்லா மிஷினுக்கும் மூடி, ஓட்டத்தை நிறுத்தித் துடைக்க நேரம், அந்த நேரத்துக்கு உற்பத்திக் கணக்கில் பிடித்தம் கிடையாது. கூலி விஷயத்தில் கேட்டதில் பாதிதான். என் பேச்சு அவ்வளவு இழுவை என்று எங்கள் ஆட்களே சொல்கிறார்கள்.

எதிரே சங்கையா. நாலு உட்காரலிலும் அவர் எனக்காக ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கட்டினார். அவரும் சங்கத்தில் இருந்தவர்தான் என்று யாராவது ஏமாந்தால் அவ்வளவுதான். ஒருமுறை நான் சூடாகி எழுந்துவிட்டேன். உட்காருங்க செயலாளர் என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம்.

கடைசியில் கையெழுத்து. நிர்வாகத் தரப்பில் உப்பிலி சார், சங்கையா. எங்கள் தரப்பில் நான், பெண்கள் பிரிவுக்கு இருளம்மாள். அவள் வலது கையில் பேனா நிற்காது. இடது கையால் எழுதுவதற்கு மூன்று மாதமாகப் பழகுகிறாளாம், எனக்கே இன்றுதான் தெரியும். கைநாட்டு வைக்கலாம் என்றார் உப்பிலி சார். வேண்டாம் சார் என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். இருளம்மாள் எவ்வளவு நீளமான பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது. மேசை விசிறிக் காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. விரல் போன கையால் அழுத்திப் பார்த்தாள், தாள் நழுவிக்கொண்டே இருந்தது. உப்பிலி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சங்கையா எழுந்து மேசையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். அவள் கடைசிப் புள்ளி வைக்கிற வரைக்கும் தாளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.